புதுக் குதிரையைப் பழக்குவது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பல, புதிதாக வந்து சேர்ந்த குதிரையைப் பற்றியவை. பிடிக்கப் போனால் ஓடுகிறது, தொட விடவில்லை, கடிக்கிறது, கட்டினால் அறுத்துக்கொண்டு போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். குதிரைப் பயிற்சியாளர்களும் கால்நடை மருத்துவர் ஒருவரும் கொண்ட எங்கள் குழு பதில் சொல்கிறது.

கேள்வி: ஆறு வயதுப் பெண் குதிரை ஒன்று அடுத்த வாரம் வரப்போகிறது. வந்த அன்றே பயிற்சியைத் தொடங்கலாமா? கொஞ்ச நாள் அப்படியே விட்டுவிட வேண்டுமா?

பதில்: முதல் மூன்று நான்கு நாட்களுக்கு அதனிடம் எதையும் கேட்காதீர்கள். தண்ணீர், புல், கொட்டில் சுத்தம், இவற்றுக்கு மட்டும் போய் வாருங்கள். வண்டியிலிருந்து இறங்கும் குதிரைக்கு அதுவரை பழகிய துணை, வாசனை, சத்தம், ஆள் எல்லாம் ஒரே நாளில் இல்லாமல் போயிருக்கும். அந்த நேரத்தில் வீட்டார் எல்லோரும் சூழ்ந்து நின்று தடவுவது அதற்கு அன்பாகத் தெரியாது. ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தண்ணீர், பிறகு புல், பிறகு லத்தி அள்ளுவது என்றால் தினமும் அப்படியே நடக்கட்டும். அடுத்து என்ன நடக்கும் என்று குதிரையால் ஊகிக்க முடிய வேண்டும். நம்பிக்கை அங்கேதான் தொடங்குகிறது.

வேறொரு குதிரை இருந்தால் கண்ணில் படும்படி, ஆனால் மூக்கோடு மூக்கு உரச முடியாத தூரத்தில் வையுங்கள். துணை தெரிந்தால் மனம் அடங்கும். ஏதாவது தொற்று உடன் வந்திருந்தால் பரவாமலும் இருக்கும். இரண்டு மூன்று வாரம் இந்த இடைவெளி வேண்டும். வாளி, தூரிகை இரண்டும் தனித்தனி. தொட விடும் குதிரையென்றால் காலையும் மாலையும் உடல் வெப்பம் பாருங்கள். வளர்ந்த குதிரைக்கு 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு.

தீவனத்தை ஒரேயடியாக மாற்றக் கூடாது. பழைய இடத்தில் தின்றதில் ஒரு வாரத்துக்கானதை விற்றவரிடம் கேட்டு வாங்கி வாருங்கள். 7 முதல் 10 நாட்களில், கால் பங்கு கால் பங்காகப் புதியதைக் கூட்டுங்கள். உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம் உலர் புல் என்பது நல்ல கணக்கு. 400 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 8 கிலோ. குதிரையின் வயிறு சிறியது, அதில் அமிலம் நாள் முழுவதும் சுரந்துகொண்டே இருக்கும். அதனால் நான்கு மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிற்றோடு நிற்கவிடாதீர்கள். புது இடத்துத் தண்ணீரின் வாடை பிடிக்காமல் சில குதிரைகள் குடிக்காது. முதல் வாரம் வாளியில் வைத்தால் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். நாளொன்றுக்கு 25 லிட்டருக்குக் கீழே போனால் கவனியுங்கள்.

அமைதியாக நிற்கும் நேரத்தில் தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்து நாடி பார்த்து எழுதி வையுங்கள். நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கலாம். தொட விடாத குதிரையென்றால் விலாவைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள். ஓய்வில் 8 முதல் 16. பின்னால் பயிற்சி நேரத்தில் அது எவ்வளவு பயந்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க இந்த எண்கள் உதவும்.

பயிற்சியை என்று தொடங்கலாம் என்பதற்கு ஒரு நல்ல அடையாளம் உண்டு. குதிரை நின்றுகொண்டே கண்ணயரும். ஆனால் ஆழ்ந்த கனவுத் தூக்கத்துக்குப் படுத்தாக வேண்டும். புது இடத்தில் பயந்திருக்கும் குதிரை பல இரவுகள் படுக்காமலே நிற்கும். காலையில் வாலில் ஒட்டிய வைக்கோலையும் விலாவில் லத்திக் கறையையும் தேடுங்கள். அது தெரிந்தால் உங்கள் இடத்தில் அது படுத்துத் தூங்கியிருக்கிறது. இனி மெல்லத் தொடங்கலாம்.

கேள்வி: பத்து நாளாகிறது. மேய்ச்சல் வெளியில் பிடிக்கவே முடியவில்லை. பத்தடி நெருங்கினால் ஓடுகிறது. தானிய வாளியைக் காட்டி இரண்டு முறை பிடித்தோம். இப்போது வாளியைக் கண்டாலே தூரப் போய் நிற்கிறது. என்னதான் செய்வது?

பதில்: வாளி வந்தால் அடுத்து கயிறு விழும் என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. ஓடினால் நீங்கள் நின்றுவிடுவீர்கள் என்பதையும் சேர்த்துக் கற்றிருக்கிறது. ஒவ்வொரு துரத்தலும் ஓட்டத்துக்குக் கொடுத்த பாடம். இதைத் திருப்பிப் போட வேண்டும். அது ஓடுவதற்கு முன்பே நீங்கள் விலகிப் போய்விட வேண்டும்.

பெரிய வெளியில் இதைச் செய்ய முடியாது. 15 முதல் 20 மீட்டர் அகல நீளமுள்ள அடைப்பு போதும். மூலைகள் கூர்மையாக இல்லாமல் இருந்தால் நல்லது. தலைக்கயிற்றைத் தோளில் வெளிப்படையாகப் போட்டுக்கொள்ளுங்கள். முதுகுக்குப் பின்னால் ஒளித்துப் பிடித்துக்கொண்டு போகிறவரை எந்தக் குதிரையும் கண்டுபிடித்துவிடும்.

குதிரையின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய 350 டிகிரி அதன் பார்வைக்குள் வரும். நெற்றிக்கு நேர் எதிரிலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் பார்வை விழாது. எனவே நேராக முகத்தை நோக்கிப் போகாதீர்கள், பின்புறமாகவும் போகாதீர்கள். தோளைக் குறிவைத்து வளைந்த பாதையில் நடந்து போங்கள். கண்ணோடு கண் பார்க்காமல் அதன் முன்னங்கால் பக்கம் பார்வையை வையுங்கள்.

இனி வருவதில்தான் எல்லாம் இருக்கிறது. குதிரை ஓடுவதற்கு வெகு முன்பே சொல்லிவிடும். மென்று கொண்டிருந்த வாய் நிற்கும். ஒரு காது உங்கள் மேல் திரும்பி அப்படியே நிலைத்துவிடும். கழுத்து ஓரங்குலம் உயரும். அந்த இடத்தில் நின்றுவிடுங்கள். அரை அடி கூட எடுத்து வைக்காதீர்கள். தோளைத் தளர்த்தி மூச்சை நீளமாக விடுங்கள். சில நொடிகளோ ஒரு நிமிடமோ கழித்துக் கழுத்து தாழும், அல்லது காது வேறு பக்கம் திரும்பும், அல்லது வாய் மறுபடி புல்லை மெல்லத் தொடங்கும். உடனே திரும்பி நான்கைந்து அடி விலகி நடங்கள். ‘அமைதியானால் இவர் போய்விடுகிறார்’ என்பதுதான் நீங்கள் கற்றுக்கொடுக்கும் பாடம். அது கால் தூக்கிய பிறகு நீங்கள் நின்றால் தாமதம். ஓடின பிறகு நின்றால் ஓட்டத்துக்குப் பரிசு கொடுத்தது போலாகிவிடும்.

பத்துப் பதினைந்து நிமிடம் இப்படிச் செய்துவிட்டு, தொடாமலே வெளியே வந்துவிடுங்கள். மாலையில் மறுபடியும் போங்கள். தூரம் தானாகக் குறையும். பல குதிரைகள், நீங்கள் விலகி நடக்கும்போது இரண்டடி பின்தொடரும். அப்போது திரும்பிப் பார்த்துக் கையை நீட்டிவிடாதீர்கள். ஒருவார உழைப்பு கெடுவது பெரும்பாலும் அந்த ஒரு நீட்டலில்தான்.

கை எட்டும் தூரம் வந்ததும் விரல்களை மடக்கிப் புறங்கையை நீட்டுங்கள். அது முகர்ந்ததும் நீங்களே கையை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். அடுத்த முறை, பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் மூன்று நொடி சொறிந்துவிட்டு விலகுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு குறைகிறது என்று 1993-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சரியான இடத்தைத் தொட்டீர்களா என்பதை மேலுதடு சொல்லும். அது நீண்டு, முனை துடிக்கத் தொடங்கும். கழுத்தில் பட்பட்டென்று தட்டிக்கொடுப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை, சொறிவதே மேல்.

பிறகு கயிறு. கழுத்தின் மேல் போடுங்கள், எடுங்கள், போய்விடுங்கள். அது பழகியதும் தலைக்கயிற்றை மாட்டுங்கள், கழற்றுங்கள், போய்விடுங்கள். வேலைக்காக ஒருமுறை பிடித்தால், சும்மா பிடித்து சும்மா விடுவது ஐந்து முறையாவது இருக்கட்டும். பிடிபட்டால் ஊசி, லாடம், சேணம் என்று மட்டும் இருந்தால் எந்தக் குதிரை வரும்?

இது இரண்டு நாளில் முடிவதும் உண்டு, மூன்று வாரம் ஆவதும் உண்டு. நடுவில் மருத்துவத்துக்காகக் கட்டாயம் பிடிக்க வேண்டி வந்தால் சிறு கொட்டிலுக்குள் ஓட்டிக் கதவை மூடிப் பிடித்துவிடுங்கள். அதற்காகத் தின்பண்டம் காட்டி ஏமாற்றாதீர்கள். கெட்ட அனுபவம் தனியாக இருக்கட்டும், உங்கள் கையோடு சேர வேண்டாம்.

கேள்வி: குதிரையிடம் பேசினால் அதற்குப் புரியுமா? நம் முகம் அதற்குத் தெரியுமா?

பதில்: சொல்லைவிட உடம்பு முன்னால் போய்ச் சேர்கிறது. ஜெர்மனியில் கணக்குப் போடும் குதிரை என்று ‘ஹான்ஸ்’ ஊரெல்லாம் புகழ் பெற்றிருந்தது. விடை எண்ணுக்கு ஏற்பக் குளம்பைத் தட்டும். ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் ஆராய்ந்து 1907-இல் உண்மையைச் சொன்னார். சரியான எண்ணிக்கை வந்ததும் கேள்வி கேட்டவரின் தலையிலும் முகத்திலும் அவரே அறியாமல் ஒரு சின்ன அசைவு வந்தது. அதைப் பார்த்துக் குதிரை தட்டுவதை நிறுத்தியது. அப்படிப்பட்ட கண் நீங்கள் அடக்கிய மூச்சையும் இறுகிய தோளையும் தவற விடாது. கோபமான மனித முகத்தின் படத்தைக் காட்டியபோது குதிரைகளின் இதயத் துடிப்பு வேகமாக ஏறியதை 2016-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

பேசுங்கள், நல்லதுதான். பேசும்போது உங்கள் மூச்சு சீராகிறது. நிற்பதற்குத் தாழ்ந்து நீளும் குரல், நடப்பதற்குக் குறுகி உயரும் குரல் என்று வைத்துக்கொண்டு, ஒரு செயலுக்கு ஒரே சொல்லைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: கேரட் கொடுத்துப் பழக்கினேன். இப்போது சட்டைப் பையைக் கவ்வுகிறது, கையையும் ஒருமுறை கடித்துவிட்டது. தின்பண்டமே கூடாது என்கிறார்கள். உண்மையா?

பதில்: தின்பண்டத்தில் குற்றமில்லை, கொடுத்த நேரத்தில்தான் குற்றம். மூக்கால் பையை முட்டியபோது கேரட் வந்திருக்கிறது. அதைத்தான் அது கற்றிருக்கிறது.

கொஞ்ச நாள் வேலிக்கு வெளியே நின்று பாடத்தை மாற்றுங்கள். பை இடுப்புக்குப் பின்னால் இருக்கட்டும், கைகள் வயிற்றின் மேல். மூக்கு உங்கள் பக்கம் வரும்போது எதுவும் செய்யாமல் நில்லுங்கள். தானாகத் தலையை நேராகவோ மறுபக்கமோ திருப்பும் அந்தக் கணத்தில் நாக்கால் ஒரு ‘டக்’ ஒலி. ஒலி வந்த ஓரிரு நொடிக்குள் துண்டு வாய்க்குப் போக வேண்டும். கையை முழுதாக நீட்டி, அதன் மார்புக்கு நேராகத் தலை நிற்க வேண்டிய இடத்தில் கொடுங்கள். உங்கள் அருகில் கொடுத்தால் உங்கள் அருகில்தான் வாய் வரும். உள்ளங்கை தட்டையாக, கட்டைவிரல் ஒட்டியபடி இருக்கட்டும். ஒருமுறைக்குக் கட்டைவிரல் நகம் அளவில் 20 துண்டுகள் போதும். பெரிய துண்டாகக் கொடுப்பதானால் கேரட்டை வட்ட வட்டமாக நறுக்காமல் நீளவாக்கில் நறுக்குங்கள், வட்டத் துண்டு தொண்டையில் அடைக்கும். குளம்பு அழற்சி வந்த குதிரைக்கு இனிப்பு எதுவும் வேண்டாம், உலர் புல் உருண்டைகள் போதும்.

காதை மடக்கிக்கொண்டு பிடுங்கினால் பசியோடு இருக்கலாம். முதலில் வயிறு நிறையப் புல் போட்டுவிட்டுப் பிறகு பயிற்சிக்கு வாருங்கள். மூக்கில் அடிக்க மட்டும் அடிக்காதீர்கள். அடி வாங்கிய குதிரை கடிப்பதை விடுவதில்லை, வேகமாகக் கடித்துவிட்டுத் தலையை இழுத்துக்கொள்ளப் பழகுகிறது. பிறகு யார் கை உயர்ந்தாலும் மிரளும்.

கேள்வி: காதைத் தொடவே விடுவதில்லை. தலைக்கயிறு மாட்ட இரண்டு பேர் தேவைப்படுகிறது.

பதில்: முதலில் வலி இருக்கிறதா என்று பாருங்கள். காதுக்குள் உண்ணி, புண், கூரான கடைவாய்ப் பல், பழைய கயிற்றுக் காயம், இதில் ஏதாவது இருந்தால் எந்தப் பயிற்சியும் பலிக்காது.

வலி இல்லையென்று தெரிந்ததும் கழுத்திலிருந்து தொடங்குங்கள். கை வைத்தால் பொருட்படுத்தாத இடம் ஒன்று இருக்கும். அங்கிருந்து புறங்கையால் மேல்நோக்கி நகர்த்திக்கொண்டே போங்கள். தசை இறுகுவதற்கு ஒரு விரற்கடை முன்னால் நிறுத்தி, மூன்று எண்ணி, அது அசையாமல் நிற்கும்போதே கையை எடுத்துவிடுங்கள். தலையை உதறியபோது கையை எடுத்தால் உதறுவதே வழி என்று ஆகிவிடும். தப்பித் தவறி உதறினால், பாதுகாப்பாக இருந்தால் கையை லேசாக உடன் செல்ல விட்டு, தலை நின்றதும் எடுங்கள். அடுத்த முறை இன்னும் கீழிருந்து தொடங்குங்கள். ஒரு நாளைக்கு இரண்டு விரற்கடை முன்னேறினாலே போதுமானது. அதுவரை தலைக்கயிற்றின் உச்சிப் பட்டையை அவிழ்த்துக் கழுத்தைச் சுற்றிப் போட்டு வாரைப் பூட்டுங்கள், காதுக்கு மேலாக இழுக்காதீர்கள்.

இன்னொன்று. ஒரு கண்ணால் பார்த்துக் கற்றது மறு கண்ணுக்குத் தெரியாது என்று பலர் சொல்கிறார்கள். அது சரியல்ல, கற்றது மூளையின் இரு பக்கமும் போய்ச் சேர்கிறது. ஆனாலும் மறுபக்கத்திலிருந்து பார்த்தால் காட்சி வேறாக இருக்கும். அதனால் அந்தப் பக்கமும் முதலிலிருந்து செய்யுங்கள். இரண்டாம் பக்கம் பெரும்பாலும் வேகமாக முடியும்.

கேள்வி: வட்ட அடைப்புக்குள் விட்டு ஓட ஓடத் துரத்தினால் கடைசியில் தானே பின்னால் வந்து நிற்கும், அதுதான் நம்பிக்கை என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: புதுக் குதிரைக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அங்கே நடப்பது இதுதான்: ஓடினால் துரத்தல் தொடர்கிறது, ஆளை நோக்கித் திரும்பினால் நிற்கிறது. தூரத்தில் இருப்பது கஷ்டம், ஆள் அருகில் இருப்பது சுகம் என்று குதிரை கணக்குப் போடுகிறது. தேர்ந்த கை இதைச் சில நிமிடங்களில், வேர்க்கவிடாமல் முடிக்கும். மற்றவர்கள் அழுத்தத்தை எடுக்கத் தாமதிப்பதால், மூச்சு வாங்கி, வேறு வழியில்லாமல் வந்து நிற்கும் குதிரையைப் பார்த்து மனம் மாறிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். உதட்டை நக்கி மெல்வதைப் பணிவின் அடையாளமாகச் சொல்வதும் இதோடு சேர்ந்தது. பதற்றத்தில் வாய் உலரும், பதற்றம் தணியும்போது எச்சில் திரும்பும், அப்போது மெல்லும். ஆகவே அது சற்று முன்பு பயந்திருந்தது என்பதற்குத்தான் அதிகம் சாட்சி. சிறு வட்டத்தில் வேகமாக ஓடுவது மூட்டுக்கும் தசைநாணுக்கும் கேடு என்பது தனி.

அதே அடைப்பில் நீங்கள் சும்மா நடங்கள். அது உங்களைப் பார்த்தால் திரும்பி விலகி நடங்கள். பின்தொடர்ந்தால் நின்று சொறிந்து கொடுங்கள். போக நினைத்தால் போக விடுங்கள்.

கேள்வி: வந்த இரண்டு வாரம் பசு மாதிரி இருந்தது. இப்போது உதைக்கிறது, சேணத்தின் வயிற்று வாரை இறுக்கினால் கடிக்க வருகிறது. ஏமாந்துவிட்டோமா?

பதில்: உடனே அந்த முடிவுக்கு வராதீர்கள். புது இடத்தில் சில குதிரைகள் உள்ளுக்குள் முடங்கிவிடும். அசையாது, எதையும் எதிர்க்காது, கண் எங்கேயோ நிலைத்திருக்கும். பார்ப்பவருக்கு அது சாதுவாகத் தெரியும். பயம் குறைந்ததும் அதுவரை அடக்கியிருந்ததைச் சொல்லத் தொடங்குகிறது.

முதலில் வலியைத் தேடுங்கள். வாரை இறுக்கும்போது கடிக்க வருவது இரைப்பைப் புண்ணாகவோ, முதுகுவலியாகவோ, பொருந்தாத சேணமாகவோ இருக்கலாம். முதுகெலும்பின் இருபுறமும் விரல்களால் சீராக அழுத்திக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் முதுகு கீழே இறங்கினால் அல்லது வால் சுழன்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். பற்களையும் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்தது தீவனம். வேலை ஏதும் இல்லாத குதிரைக்குத் தானியம் தேவையில்லை. வந்த நாளிலிருந்து அன்பாகக் கூட்டிக்கொண்டே போயிருந்தால் முழுக்க நிறுத்தி இரண்டு வாரம் பாருங்கள். வெளியே திரியும் நேரமும் முக்கியம். நாள் முழுக்கக் கொட்டிலில் நின்ற குதிரையிடம் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

விற்பதற்கு முன் மயக்க மருந்து கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதனால் இனி வாங்குகிறவர்கள், வாங்கும்முன் நடக்கும் மருத்துவப் பரிசோதனையிலேயே ரத்த மாதிரி எடுத்து வைக்கச் சொல்லலாம்.

காது மடக்குவதற்காகத் தண்டிக்காதீர்கள். அது எச்சரிக்கை. எச்சரிக்கைக்கு அடி விழுந்தால் அடுத்த முறை எச்சரிக்காமல் உதைக்கும்.

கேள்வி: லாடம் அடிப்பவர் வந்தால் பின்னங்காலைத் தூக்க விடுவதில்லை. அவர் இனி வரமாட்டேன் என்கிறார்.

பதில்: அவர் வருவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டிய வேலை அது. குளம்பு வேலை 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை வரும், இடையில் நாட்கள் நிறைய இருக்கின்றன.

முதலில் கை வேண்டாம். ஒன்றரை மீட்டர் குச்சியின் முனையில் கையுறையைக் கட்டி, ஒருவர் கயிற்றைத் தளர்வாகப் பிடித்திருக்க, தோள்பட்டை அருகிலிருந்து அதனால் பின்னங்காலை மேலிருந்து கீழே தடவுங்கள். உதைத்தாலும் உங்கள் மேல் படாது. கால் தரையில் அமைதியாக நிற்கும் நொடியில் எடுத்துவிடுங்கள். குச்சி பழகிய பின் கை. இடுப்பை ஒட்டி, வால் பக்கம் பார்த்து நில்லுங்கள். உடம்போடு ஒட்டி நின்றால் உதைக்கு வேகம் வராது. ஒன்றிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்பதுதான் மிக ஆபத்து.

கையைக் கீழே கொண்டுபோய்த் தசைநாணை லேசாக அழுத்துங்கள். எடையை மறு காலுக்கு மாற்றினாலே அழுத்தத்தை விட்டுவிடுங்கள். அன்றைக்கு அது போதும். அடுத்து ஒரு நொடி தூக்கி, நீங்களே மெதுவாகத் தரையில் வையுங்கள், பொத்தென்று விடாதீர்கள். பிறகு மூன்று நொடி, ஐந்து, பத்து. அது பிடுங்குவதற்கு முன் நீங்கள் இறக்கிவிடும்படி கணக்கிடுவதுதான் சூட்சுமம். காலைப் பக்கவாட்டில் இழுக்காமல் உடம்புக்கு நேர் கீழேயே, தாழ்வாகப் பிடியுங்கள். வயதான குதிரைக்கு மூட்டு மடங்குவதே வலிக்கும். குளம்பின் அடியில் கறுப்பாக, நாற்றத்தோடு ஏதாவது இருந்தால் அழுகல். அதற்கு முதலில் சிகிச்சை.

கேள்வி: கம்பத்தில் கட்டினால் பின்னால் சாய்ந்து இழுத்துக் கயிற்றை அறுக்கிறது. தடித்த கயிறு வாங்கட்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பிடரி உச்சியில் பட்டை அழுத்தியதும் எதிர்த்து இழுப்பது குதிரையின் இயல்பு. இழுக்க இழுக்க அழுத்தம் கூடும், கூடக் கூடப் பீதி ஏறும். கழுத்தெலும்பு அடிபட்டு நிரந்தர ஊனம் வந்த குதிரைகள் உண்டு.

அழுத்தத்துக்கு இணங்கினால் அது போய்விடும் என்று முதலில் கற்றுக்கொடுங்கள். 3 மீட்டர் கயிற்றைப் பிடித்து, விரல் பலம் மட்டும் கொடுத்துக் கீழ்நோக்கி இழுத்து, கூட்டாமல் அப்படியே வைத்திருங்கள். தலை ஓரங்குலம் தாழ்ந்த கணத்தில் முழுதாகத் தளர்த்துங்கள். பிறகு முன்னோக்கி, ஓரடிக்கு இதே முறை. இது எல்லா இடத்திலும் வந்த பின், கம்பத்தைச் சுற்றிக் கயிற்றை ஒருமுறை மட்டும் விட்டு நுனியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இழுத்தால் கயிறு வழுக்கிப் போகட்டும். அது மாட்டிக்கொண்டதாக உணரக் கூடாது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள், விரல் போய்விடும்.

கட்டும்போது முதுகு மேட்டின் உயரத்தில், ஒரு கை நீளம் விட்டு, கம்பத்தில் மாட்டிய மெல்லிய சணல் வளையத்தில் கட்டுங்கள், கயிறு அறுவதற்குப் பதில் சணல் அறும். ஒரே இழுப்பில் அவிழும் உருவு முடிச்சு வேண்டும். கதவிலோ ஆடும் குறுக்குக் கட்டையிலோ கட்டாதீர்கள். கடிவாளத்தைக் கொண்டு ஒருபோதும் கட்டாதீர்கள்.

கேள்வி: ஒரு நாள் எதற்கும் மிரளாது. இன்னொரு நாள் பிளாஸ்டிக் பைக்குக்கூடத் துள்ளுகிறது. ஏன்?

பதில்: பயம் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேரும். காற்றடிக்கும் நாள், துணைக் குதிரை கண்ணில் இல்லை, பக்கத்தில் இயந்திரச் சத்தம், கடைசியாகப் பை. தனித்தனியாக வந்திருந்தால் எதையும் பொருட்படுத்தியிருக்காது. அப்படிப்பட்ட நாளில் பாடத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பைக்குப் பழக்க ஒரு நல்ல வழி உண்டு. ஒருவர் அதைத் தரையில் இழுத்துக்கொண்டு முன்னால் போகட்டும், குதிரை பின்னால் நடக்கட்டும். தன்னிடமிருந்து விலகிப் போகும் பொருளைப் பின்தொடரும்போது குதிரைக்குத் தைரியம் வருகிறது. தானாக முகர்ந்து பார்க்கும் வரை பையை அதன் பக்கம் கொண்டுவராதீர்கள்.

கேள்வி: எத்தனை நாளில் ஏறிச் சவாரி செய்யலாம்?

பதில்: நாள் கணக்கு சொல்ல மாட்டோம். பிடிக்கப் போனால் வருகிறதா? கட்டாமல், தளர்ந்த கயிற்றோடு நின்றபடி சேணம் வைக்க விடுகிறதா? தலைக்கயிற்றின் லேசான சைகைக்கே நடை, நிறுத்தம், பின்வாங்கல், இருபுறத் திருப்பம் எல்லாம் மூன்று வெவ்வேறு இடங்களில் வருகின்றனவா? துணைக் குதிரை கண்ணில் படாதபோதும் வருகின்றனவா? நான்குக்கும் ஆம் என்றால் ஏறலாம். தலைக்கவசத்தோடு, பழகிய அடைப்புக்குள், உயரமான படியிலிருந்து ஏறுங்கள். அங்கவடியில் கால் வைத்ததும் நகர்ந்து போனால் அது ஒரு பதில். காலை எடுத்துவிட்டு ஏன் என்று தேடுங்கள். முதல் சவாரி பத்து நிமிடம், நடை மட்டும். அது அமைதியாக இருக்கும்போதே இறங்கிவிடுங்கள்.

கேள்வி: பத்து வயது மகள் எல்லா வேலையிலும் கூட வர ஆசைப்படுகிறாள். விடலாமா?

பதில்: விடுங்கள். ஆனால் முதல் சில வாரம் வேலிக்கு வெளியில்தான். வாளித் தண்ணீரின் அளவைக் குறிப்பது, மூச்சை எண்ணி எழுதுவது, வேலியோரம் உட்கார்ந்து சத்தமாகப் பாடம் படிப்பது, எல்லாமே பயனுள்ளவை. குழந்தையின் குரலுக்கும் குதிரை பழகும்.

உள்ளே விடும் நாளில் மூடிய காலணியும் தலைக்கவசமும் கட்டாயம். பெரியவர் ஒருவர் கயிற்றைப் பிடித்திருக்க, குழந்தை தோளருகே நின்று பிடரியைச் சீவலாம். ஓடக் கூடாது, பின்பக்கம் சுற்றக் கூடாது. காலைத் துடைக்க வேண்டுமென்றால் தரையில் மண்டியிடாமல் குனிந்தபடி துடைக்கச் சொல்லுங்கள், குதிரை நகர்ந்தால் உடனே விலக முடியும்.